பொறி பெரிதானால் வண்டி பறக்குமா?

நல்ல நிலையில் உள்ள ஓர் இக்காலப் பெட்ரோல் காரில், நிறுவனம் பொருத்தித் தந்த இக்னிஷன் காயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று பெயர் சூட்டப்பட்ட வேறொன்றை மாட்டுவதால் மைலேஜும் குதிரைத்திறனும் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்துவிடுவதில்லை. உயர்ந்ததாகத் தோன்றினால் அதற்குக் காரணம் வேறு. என்ஜினுக்குள் நிகழும் எரிதலை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டவன் என்ற குற்ற உணர்வோடும் சொல்கிறேன்.

தில்லியில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு டாக்ஸி ஸ்டாண்டு இருக்கிறது. அங்கே வண்டி ஓட்டும் பீகார்க்காரர் ஒருவர், இன்னும் பட்டம் பெறாத என்னை ‘டாக்டர் சாகிப்’ என்றே அழைப்பார். அவருடையது பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடும் பழைய கார். சென்ற ஆண்டு ஒருநாள், காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் கொடுத்த ஒரு துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார். உயர் ஆற்றல் காயில், தடித்த கேபிள்கள், நான்கு இரிடியம் பிளக்குகள், ஒரு கறுப்புப் பெட்டி. விலை 9,000 ரூபாய். மைலேஜ் 15 சதவீதம் கூடும் என்று அதில் அச்சிட்டிருந்தது. “இது வேலை செய்யுமா, டாக்டர் சாகிப்?” என்று கேட்டார்.

“நிலைமையைப் பொறுத்தது, சாச்சா” என்றேன்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதி எழுதிப் பழகிப்போன தொடர் அது. பொய் இல்லை. ஆனால் கேட்டவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ‘ஆமாம்’ என்று நான் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டில் இருந்தவர்களிடம் கடன் வாங்கி மாட்டிவிட்டார். அன்று நான் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 1,200 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஒரு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 0.3 கிராம். அதற்கேற்ற பெட்ரோல் ஏறத்தாழ 20 மில்லிகிராம். அந்தத் துளி எரிந்தால் வெளிப்படும் வெப்பம் கிட்டத்தட்ட 900 ஜூல். அதைப் பற்றவைக்கும் மின்பொறியின் ஆற்றலோ சாதாரண காயிலில் 30 முதல் 50 மில்லிஜூல். அதாவது, பொறியைவிட எரிபொருள் ஏறத்தாழ 18,000 மடங்கு பெரியது. பொறியின் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் என்ஜினுக்குக் கிடைப்பது அந்த 18,000-இல் ஒரு பங்கு. அதுவும் இலவசமாக வருவதில்லை. மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதும் அதே என்ஜின்தான்.

பொறியின் வேலை பற்றவைப்பது. அதோடு அதன் பணி முடிந்தது. சமையலறை எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் பெரிய தீப்பந்தத்தால் பற்றவைத்தாலும் சோறு வேகும் நேரம் ஒன்றே. சரியான விகிதத்தில் கலந்து அசையாமல் நிற்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூல் அளவே போதும். காற்றோட்டமும் கலவையின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தால் தேவை 3 மில்லிஜூல் வரை போகலாம். நிறுவனம் தந்த காயில் அதற்கும் பத்து மடங்குக்கு மேல் தருகிறது. பற்றிய சுடர் சில மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும், அது பரவும் வேகத்தை நிர்ணயிப்பவை சிலிண்டருக்குள் காற்றின் கொந்தளிப்பு, கலவையின் விகிதம், எரியறையின் வடிவம் ஆகியவையே. அங்கே காயிலுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

பெட்டியின்மேல் ‘60,000 வோல்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குபவர் மயங்குவது இந்த எண்ணைக் கண்டுதான். ஆனால் பிளக்கின் முனையில் எத்தனை வோல்ட் ஏறும் என்பதைக் காயில் தீர்மானிப்பதில்லை. முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் அங்குள்ள வாயுவின் அடர்த்தியுமே தீர்மானிக்கின்றன. ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷன் 1889-இலேயே வகுத்துச் சொன்ன உறவு இது. ஏரிக்கு எவ்வளவு நீர் வந்தாலும் கலிங்கின் உயரத்துக்குமேல் அது நிற்பதில்லை. அதுபோல, 15,000 வோல்ட்டில் பொறி பாய்ந்துவிடும் இடைவெளியில் மின்னழுத்தம் அந்த மட்டத்தை எட்டியதும் பாய்ந்துவிடும். எஞ்சிய 45,000 வோல்ட் பெட்டியின்மேல் அச்சில் மட்டுமே இருக்கும்.

சிலர் இவ்வளவையும் ஒப்புக்கொண்டு, “பொறி வலுவானால் எரிதல் முழுமையாகுமே, எரியாமல் வீணாகும் பெட்ரோல் மிச்சமாகுமே” என்று வாதிடுகிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம்தான் உண்மையில் மிகவும் பலவீனமானது. நல்ல நிலையிலுள்ள என்ஜினில், சரியான கலவையில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 95 முதல் 98 சதவீதம் வரை ஏற்கெனவே வெளிப்பட்டுவிடுகிறது. எஞ்சும் சிறு பங்கின் பெரும்பகுதி பிஸ்டன் வளையங்களின் இடுக்குகளிலும் குளிர்ந்த சுவரோரங்களிலும் ஒதுங்கி நிற்பது. சுடரே நுழைய முடியாத அந்த இடுக்குகளுக்குள் எந்தப் பொறியும் நுழையப் போவதில்லை. சரி, மாயத்தால் அதையும் எரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் மிச்சமாவது சில சதவீதமே. விளம்பரம் சொல்லும் 15 சதவீதம் எங்கிருந்து வரும்?

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். உங்கள் வண்டி உண்மையிலேயே 15 சதவீத பெட்ரோலை எரிக்காமல் வெளியேற்றிக்கொண்டிருந்தால், அது புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும். கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உருகிச் சிதையும். அதற்கு முன்பே, பொறி தவறுவதைக் கண்காணிக்கும் பி.எஸ். 6 வண்டியின் கணினி, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை ஏற்றியிருக்கும். விளக்கு எரியவில்லை, கன்வர்ட்டரும் நலமாக இருக்கிறது என்றால், மிச்சப்படுத்தும் அளவுக்கு அங்கே எரியாத பெட்ரோல் இல்லை என்பதே பொருள். பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதி வீணாவது உண்மை. ஆனால் அது வீணாவது புகைக்குழாயின் வெப்பமாகவும் ரேடியேட்டரின் வெப்பமாகவும் உராய்வாகவும். அந்த இழப்புகளைக் காயிலை மாற்றித் தடுக்க முடியாது.

கார் நிறுவனங்களின் கோணத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். இந்தியாவில் கார் நிறுவனங்கள் தாம் விற்கும் வண்டிகளின் சராசரி கரியமில வாயுவை ஒரு வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும். 2017-18 முதல் நடைமுறையில் இருந்த வரம்பு கிலோமீட்டருக்கு 130 கிராம். 2022-23 முதல் 113 கிராம். இது ஏறத்தாழ 13 சதவீதக் குறைப்பு. இதை எட்டுவதற்காக நிறுவனங்கள் வண்டியின் எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தன. உராய்வு குறைந்த டயர்களைத் தேடின. சிக்னலில் நின்றால் தானே அணையும் என்ஜினைக் கொண்டுவந்தன. மின்மோட்டார் உதவியைச் சேர்த்தன. அரை சதவீதத்துக்காகக் கோடிகளைச் செலவழிக்கும் அந்தப் பொறியாளர்கள், காஷ்மீரி கேட்டில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கும் 15 சதவீதத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களா? நான்கு பிளக்கும் ஒரு காயிலும் மாற்றி அரசின் இரண்டாம் கட்ட வரம்பையே தாண்டிவிட முடியுமென்றால் அதை முதலில் மாட்டியிருப்பவர்கள் அவர்கள்தாம்.

“நானே ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசம் தெரிந்தது” என்பவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வித்தியாசம் மெய்யாகவே இருக்கலாம். காரணத்தைத்தான் தவறாகப் பிடித்துவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. இங்கே காக்கைகள் பல. புதிய காயிலை மாட்டும் மெக்கானிக் பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறார். பல வண்டிகளில் கணினி தான் கற்றுவைத்திருந்த திருத்தங்களை மறந்து புதிதாகக் கற்கத் தொடங்குகிறது. அதனால் ஆக்சிலரேட்டரின் உணர்வு மாறக்கூடும். அதே நாளில் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்கிறார். டயரில் காற்று அடிக்கிறார். செப்டம்பரில் மாட்டியவர் அக்டோபரில் மைலேஜ் கூடியதாகச் சொல்கிறார். இடையில் தில்லியின் வெப்பம் தணிந்து ஏ.சி. அணைக்கப்பட்டதை மறந்துவிடுகிறார். 35 லிட்டர் தொட்டியை நிரப்பும்போது பம்ப்பின் குழாய் ஒரு லிட்டர் முன்னதாக நின்றாலே கணக்கில் 3 சதவீதம் மாறிவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பணம் கொடுத்தவர் பலனை எதிர்பார்க்கிறார். எதிர்பார்ப்பவரின் வலக்கால் தன்னையறியாமல் மென்மையாகிறது.

டைனமோமீட்டர் வரைபடத்தைக் காட்டுவோரும் உண்டு. ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் வேறுபடுவது இயல்பு. என்ஜின் சூடு, அறையின் வெப்பம், டயர் அழுத்தம், திருத்தக் குணகம் எனப் பலவும் அந்த வளைகோட்டை ஏற்றி இறக்கும். முன்பு ஒரு கோடு, பின்பு ஒரு கோடு என்று இரண்டை மட்டும் காட்டும் படத்துக்குச் சான்று என்ற தகுதி கிடையாது. பழையதை ஓட்டி, புதியதை ஓட்டி, மறுபடியும் பழையதை மாட்டி ஓட்டி, ஒவ்வொன்றையும் பலமுறை செய்து, சிதறலையும் சேர்த்துக் காட்டும் படத்தை எந்தக் கடையும் இதுவரை எனக்குக் காட்டியதில்லை.

இது நம் நாட்டுக் கடைகளின் நோய் மட்டும் அன்று. பிளவுபட்ட மின்முனையுடன் வந்த ‘ஸ்பிளிட்ஃபயர்’ பிளக்கின் மைலேஜ், திறன், புகை குறித்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1997-இல் நடவடிக்கை எடுத்தது. எரிபொருளைச் சேமிப்பதாகச் சொல்லி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாக மதிப்பிட்டு, மிகச் சிலவற்றில் மட்டுமே ஏதேனும் சிறு பயனைக் கண்டது. ‘வெளிநாட்டுத் தொழில்நுட்பம்’ என்ற முத்திரையைக் காட்டி விற்போர் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் பிளாட்டினம் பாயிண்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தொடுமுனைகள் இருந்தன. அவை தேயும், கரியும், வேகம் கூடினால் துள்ளும், பொறி பாயும் நேரமும் நழுவிக்கொண்டே போகும். அவற்றை நீக்கி எலெக்ட்ரானிக் பற்றவைப்பைப் பொருத்தியபோது வண்டிகள் சீராக ஓடியது முழு உண்மை. ஆனால் அந்தக் குறையை இக்கால வண்டியில் நிறுவனமே நீக்கிவிட்டது. இல்லாத நோய்க்குப் பழைய மருந்தை விற்கிறார்கள். டர்போவின் அழுத்தத்தை ஏற்றிப் பந்தயத்துக்கு மாற்றியமைத்த என்ஜினிலும், காற்று மிகுந்த மெலிந்த கலவையில் ஓடும் என்ஜினிலும் வலுவான பொறிக்கு மெய்யான தேவை உண்டு. அவ்வண்டிகளில் கணினியின் கட்டளைகளையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். உங்கள் வண்டியின் கணினியோ, பழைய காயிலுக்கென்று வகுத்த நேரத்திலேயே பொறியை ஏவிக்கொண்டிருக்கும். சுடர் சற்று விரைவாகத் தொடங்கினாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி அதற்குத் தெரியாது. இரிடியம் பிளக்குக்கும் ஒரு மெய்யான சிறப்பு உண்டு. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும்; இரிடியம் ஏறத்தாழ 2,450 டிகிரி வரை தாங்கும். ஆகவே மெல்லிய முனையும் நெடுங்காலம் தேயாது. ஆயுளை விற்கட்டும், வரவேற்கிறேன். மைலேஜ் என்று சொல்லி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபின் இந்த வியாபாரத்துக்குப் புதிய வாய்ப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. “எத்தனாலால் குறைந்த மைலேஜை எங்கள் காயில் மீட்டுத் தரும்” என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொன்னார். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இருபது சதவீதக் கலவையில் லிட்டருக்கு 6 முதல் 7 சதவீத ஆற்றல் குறைகிறது. எரிபொருளிலேயே இல்லாத ஆற்றலை எந்தப் பொறியாலும் உண்டாக்க முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

மீண்டும் அந்த டாக்ஸிக்கு வருகிறேன். புதிய தொகுப்பை மாட்டிய பிறகு வண்டி நன்றாக இழுப்பதாகவும் எரிவாயுச் செலவு குறைந்ததாகவும் அவர் சொன்னார். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். கழற்றிப்போட்ட பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். நிறுவனம் குறித்த அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. முனைகள் தேய்ந்து உருண்டிருந்தன. சி.என்.ஜி.யைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். ஆகவே தேய்ந்த பிளக்கின் குறை அங்கேதான் முதலில் வெளிப்படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அனுமதியோடு பழைய காயிலையும் பழைய கேபிள்களையும் திரும்ப மாட்டி, கறுப்புப் பெட்டியைக் கழற்றினேன். புதிய பிளக்குகளுக்குப் பதிலாக, நிறுவனம் பரிந்துரைக்கும் சாதாரண வகையில் நான்கு புதியவை வாங்கிப் போட்டேன். நான்கும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள். இரண்டு வாரம் ஓட்டியபின், எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றார்.

இதை நான் ஆய்வென்று சொல்ல மாட்டேன். ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், இரண்டு வாரம். இதிலிருந்து சதவீதம் எதையும் கணக்கிட மாட்டேன். ஆனால் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை இது காட்டுகிறது. வாங்குபவரின் தேய்ந்த பிளக்கோடு தம் புதிய பிளக்கை ஒப்பிடுகிறார்கள். பராமரிப்பால் திரும்பக் கிடைத்ததைத் தொழில்நுட்பம் தந்ததாகக் கணக்கெழுதுகிறார்கள். ஆயிரம் ரூபாய்ப் பலனுக்கு 9,000 ரூபாய் வாங்குகிறார்கள்.

எனவே வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: எதனோடு ஒப்பிட்டீர்கள், புதிய அசல் பிளக்கோடா, தேய்ந்த பழையதோடா? இரண்டு: பழையதைத் திரும்ப மாட்டியபோது பலன் மறைந்ததா, எத்தனை முறை அளந்தீர்கள்? மூன்று: புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையம் எதிலாவது சோதித்தீர்களா. அந்த அறிக்கை முழுவதையும் காட்ட முடியுமா? கடைக்காரர் கோபப்பட்டால் அதையே விடையாகக் கொள்ளலாம்.

சட்டமும் வாங்குபவர் பக்கம்தான் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள், அளந்து பார்க்கக்கூடிய கூற்றுக்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்றும், பரிந்துரைப்பவர் தமக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. காணொளியில் வந்து காயிலைப் புகழும் நண்பர்கள் இந்த இரண்டாவது நெறியைப் படித்துக்கொள்வது நல்லது. ‘இல்லை’ என்று நிறுவுவது வாங்குபவரின் வேலை அன்று. ‘உண்டு’ என்று நிறுவ வேண்டியது விற்பவரின் கடமை.

கடைசியாக என் துறையினருக்கு ஒரு சொல். மெலிந்த கலவையில் உயர் ஆற்றல் பற்றவைப்பு நன்மை தரும் என்று நாம் கட்டுரை எழுதுகிறோம். ‘மெலிந்த கலவையில்’ என்ற சொற்கள் சந்தைக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. ‘நன்மை தரும்’ என்பது மட்டும் துண்டறிக்கையில் ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் நம்மிடம் வந்து கேட்டால், ‘நிலைமையைப் பொறுத்தது’ என்கிறோம். எச்சரிக்கையான சொல் என்று அதை நாம் நினைக்கிறோம்; கேட்டவர் அதை நம்பிச் செலவழிக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: “வேண்டாம் சாச்சா, நான்கு பிளக் மட்டும் மாற்றுங்கள்.” அதைச் சொல்லும் அறிவு என்னிடம் இருந்தது; சொல்லும் துணிவு இல்லாமல் போனது. அந்தக் கடனில் இன்னும் இரண்டு தவணைகள் பாக்கி என்று நேற்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.